காப்புப்படியும் மீட்பும்: மொழித்தரவு வழங்கி ஒன்றிற்கான திட்டம்

0. முன்னுரை

அகராதிப் பதிவுகள், மொழிபெயர்ப்பு நினைவகங்கள், வட்டார வழக்கு ஒலிப்பதிவுகள் முதலிய மொழித்தரவுகள் இன்று பெரும்பாலும் இணைய வழங்கிகளிலேயே வைக்கப்படுகின்றன. வழங்கி என இங்குக் குறிக்கப்படுவது பேச்சு வழக்கில் சர்வர் எனப்படும் கணிப்பொறியாகும். அதில் ஏற்றப்பட்ட தரவு எந்நேரமும் எவ்விடத்தும் கிடைப்பதால் அஃது அழியாதது என்னும் எண்ணமும் உடன் தோன்றிவிடுகிறது. உண்மையில் ஒரு வட்டின் பழுதோ, ஒரு தவறான கட்டளையோ, ஒரு தீ விபத்தோ பத்தாண்டு உழைப்பைச் சில மணித்துளிகளில் இல்லாமற் செய்துவிடும். இவ்விழப்பினின்று மீள்வதற்கான ஏற்பாட்டை எவ்வாறு திட்டமிடுவது என்பதை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அறியத்தக்க வகையில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். முழு அமைப்புக் காப்பு, இரவுதோறும் எடுக்கும் தரவுக் காப்பு ஆகிய இரண்டும் இங்கு முதன்மையாக ஆராயப்படுகின்றன. தமிழ் எழுத்துக் குறியாக்கத்தால் எழும் தனிச் சிக்கல்களும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

1. சொல்லும் பொருளும்

பேக்கப் எனப் பேச்சில் வழங்குவதைக் குறிக்க எழுத்துத் தமிழில் காப்புநகல், காப்புப்பிரதி, காப்புப்படி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இக்கட்டுரை காப்புப்படி என்பதை மேற்கொள்கிறது. படி என்னும் சொல் சுவடியியலிலும் கல்வெட்டியலிலும் முன்பே வேரூன்றியது. ஏட்டைப் பார்த்து எழுதுவதும் படியெடுத்தலே. கல்வெட்டின் மீது ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுப்பதும் மைப்படியே. எனவே இச்சொல் நம் துறையினர்க்குப் புதிதன்று.

எனினும் ஒரு குறை உண்டு. மேற்கண்ட மூன்று சொற்களும் எடுத்து வைக்கப்பட்ட பொருளையே சுட்டுகின்றன. அப்பொருளைக் கொண்டு இழந்ததைத் திரும்பப் பெறும் செயலைச் சுட்டவில்லை. அதனால் கோப்பு ஒன்று எங்கோ சேமிக்கப்பட்டுள்ளது என்ற அளவிலேயே பணி முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. அச்செயலை மீட்பு எனத் தனியே பெயரிட்டு வழங்குதல் நலம். மீட்டுப் பார்த்து உறுதிசெய்யப்படாத படி காப்புப்படி ஆகாது என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தாகும்.

2. எடுத்துக்காட்டு வழங்கி

கருத்தளவிலேயே பேசாமல் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். பெங்களூரின் அல்சூர், கன்னடத்தில் ஹலசூரு என வழங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைக்குடியிருப்பு அமைந்ததிலிருந்து அதனைச் சூழ்ந்த பகுதிகளில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அமைந்திருப்பதும் இப்பகுதியிலேயே. கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவற்றோடு நெடுங்காலம் உறவாடிய இப்பகுதித் தமிழ், மொழித்தொடர்பு ஆய்வுக்கு உரிய களமாகும். இவ்வழக்கின் ஒலிப்பதிவுகளையும் சொல்லடைவையும் கொண்ட வழங்கி ஒன்று அல்சூரில் இயங்குவதாகக் கற்பனை செய்துகொள்வோம்.

அதன் உள்ளடக்கம் மூன்று கூறாக அமையும் எனக் கொள்க: (அ) இயக்க முறைமை, இணைய மென்பொருள், எழுத்துருக்கள், அமைப்புக் கோப்புகள்: 14 கிகாபைட்டு, (ஆ) சொற்பதிவுகள் அடங்கிய தரவுத்தளம்: 6 கிகாபைட்டு, (இ) ஒலிப்பதிவுகள்: 200 கிகாபைட்டு. மொத்தம் 220 கிகாபைட்டு. வெளியே அனுப்பும் இணைய வேகம் வினாடிக்கு 20 மெகாபிட்டு எனில், இவ்வளவையும் வேறோரிடத்திற்கு அனுப்ப ஏறத்தாழ 24 மணி 26 நிமிடம் ஆகும். ஓர் இரவு மட்டுமன்று, ஒரு முழு நாளும் போதாது. முழுக் காப்பையும் இரவுக் காப்பையும் பிரித்துத் திட்டமிட வேண்டியதன் காரணம் இக்கணக்கிலேயே விளங்கும்.

திட்டத்திற்கு முன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். எவ்வளவு கால உழைப்பை இழப்பின் தாங்க இயலும் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்திற்குள் வழங்கி மீண்டும் இயங்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை இழப்பு எல்லை என்றும் பின்னதை மீட்பு எல்லை என்றும் கூறலாம். இரவுதோறும் படியெடுப்போர் ஒரு நாள் உழைப்பை இழக்க உடன்பட்டவராவர். சொற்பதிவை மீண்டும் தட்டெழுதிவிடலாம். ஆனால் எண்பது வயது மூதாட்டி ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து அன்றே இழந்தால், அதனை மீண்டும் பெறுவது உறுதியன்று. எனவே ஒலிப்பதிவுகளை ஏற்றிய மறுகணமே பதிவுக்கருவியின் நினைவட்டையை அழிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, அன்றிரவுக் காப்பு முடிந்ததை உறுதிசெய்த பின்னரே அழித்தல் வேண்டும்.

3. முழு அமைப்புக் காப்பு

முழு அமைப்புக் காப்பு என்பது வெற்றுக் கணிப்பொறி ஒன்றில் பழைய வழங்கியை அப்படியே எழுப்புவதற்குரியது. இதில் இயக்க முறைமை, நிறுவப்பட்ட மென்பொருள்களும் அவற்றின் பதிப்பு எண்களும், அமைப்புக் கோப்புகள், பாதுகாப்புச் சான்றிதழ்கள், நேரப்படி தாமே இயங்கும் பணிகளின் பட்டியல், எழுத்துருக்கள், தரவு ஆகிய அனைத்தும் அடங்கும். பதிப்பு எண் ஏன் வேண்டும் எனில், புதிய பதிப்பு பழைய தரவுத்தளக் கோப்பை ஏற்க மறுப்பதுண்டு.

அமைப்பு அடிக்கடி மாறுவதில்லை ஆதலின் இக்காப்பை மாதம் ஒரு முறை எடுப்பது போதும். ஆயின் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன்னும் பின்னும் தனியே ஒவ்வொரு படி எடுத்தல் கட்டாயமாகும். அனுப்பும் வேகம் குறைவாக இருப்பின் வெளிவட்டில் எடுத்து, அவ்வட்டையே வேறிடத்திற்குக் கொண்டு செல்லலாம்.

இதனுடன் ஒரு தாளும் சேர வேண்டும். எந்த வரிசையில் எதை நிறுவுவது, கடவுச்சொற்கள் யாரிடம் உள்ளன, இணைய முகவரிப் பதிவை யார் புதுப்பிக்கிறார் என்பவை அதில் எழுதப்பட வேண்டும். மீட்பு வழிமுறை அழிந்த வழங்கிக்குள்ளேயே இருப்பது, திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதை ஒக்கும்.

4. இரவுத் தரவுக் காப்பு

4.1 ஒருமைப்பாடு

இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை நேரடியாகப் படியெடுத்தல் பிழையாகும். படியெடுக்கும்போதே பதிவுகள் மாறிக்கொண்டிருப்பின், தலைச்சொல் பழைய நிலையிலும் அதன் பொருள் புதிய நிலையிலும் பதிவாகக்கூடும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டை மற்றொருவர் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுவதில் நேரும் குழப்பத்தை இஃது ஒத்தது. எனவே தரவுத்தள மென்பொருளே தரும் வெளியீட்டுக் கட்டளையைப் பயன்படுத்தி, ஒரே கணத்தின் நிலையை முழுமையாகக் கோப்பாக்க வேண்டும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரண்டிலும் இவ்வசதி உண்டு.

4.2 அளவு

ஒலிப்பதிவுகள் ஏற்றப்பட்ட பின் மாறுவதில்லை. ஆதலின் புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் அனுப்பினால் போதும். இதனைக் கூடுதற் காப்பு எனலாம். ஒரு நாளின் புதிய பதிவுகள் 1 கிகாபைட்டும், சுருக்கப்பட்ட தரவுத்தள வெளியீடு 1.5 கிகாபைட்டும் ஆயின், முற்கூறிய வேகத்தில் ஏறத்தாழ 17 நிமிடத்தில் பணி முடியும்.

4.3 நேரம்

வழங்கிகள் பலவற்றில் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் அமைந்திருக்கும். இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. எனவே இரவு 2 மணி என எழுதிய பணி காலை 7.30 மணிக்கு இயங்கும். இந்திய நேரம் இரவு 2 மணிக்கே நிகழ வேண்டுமெனில், 20.30 எனக் குறிக்க வேண்டும். அவ்வாறு எடுத்த படியின் பெயரில் முந்தைய நாளின் தேதி பதியும். மீட்கும் பதற்றத்தில் ஒரு நாள் பிழைபடாதிருக்க இதனைத் தாளில் குறித்து வைத்தல் நன்று.

4.4 அறிவிப்பு

தோல்வியை மட்டும் அறிவிக்கும் ஏற்பாடு நம்பத்தக்கதன்று. இதற்கு 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது சிறந்த சான்று. பணியாளர் ஒருவர் தவறான வழங்கியில் அழிப்புக் கட்டளையை இட்டதால், ஏறத்தாழ 300 கிகாபைட்டு அளவிலான தரவுத்தள அடைவு நிறுத்துவதற்குள் பெரும்பகுதி அழிந்தது. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய வெளியீட்டுப் படிகள் பதிப்பு முரண்பாட்டால் எடுக்கப்படாமலே இருந்தன. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் போயிருந்தன. வேறொரு பணிக்காகத் தற்செயலாக எடுத்திருந்த, ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முந்தைய படியே கைகொடுத்தது. இந்நிகழ்வை அந்நிறுவனம் மறைக்காமல் விரிவாக வெளியிட்டமையால் பிறர் பாடம் கற்க முடிந்தது.

ஆகவே ஒவ்வொரு காலையும் வெற்றியை அறிவிக்கும் செய்தி வர வேண்டும். அதில் கோப்பின் அளவும் பதிவுகளின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். செய்தி வராமையையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். நேற்று 1.5 கிகாபைட்டாக இருந்த கோப்பு இன்று சில கிலோபைட்டாகச் சுருங்கியிருப்பின், பணி நடந்திருந்தும் பயனில்லை என்பது விளங்கும்.

5. எத்தனை படிகள்?

ஒரே படியை இரவுதோறும் மேலெழுதுவோர் பலர். இதில் பெருங்கேடு உண்டு. பதிப்பாசிரியர் ஒருவர் ஒட்டுமொத்த மாற்றக் கட்டளையால் ணகரத்தை எல்லாம் னகரமாக்கிவிட்டார் எனக் கொள்வோம். பணம் பனம் ஆகும். மணம் மனம் ஆகும். இப்பிழை மூன்று வாரம் கழித்துத் தெரியவந்தால், இரவுக் காப்பு அப்பிழையையே இருபத்தொரு முறை பத்திரப்படுத்தியிருக்கும். எதிர்மாற்றமும் உதவாது; முன்பே மனம் என இருந்தவை எவை, மாற்றத்தால் அவ்வாறு ஆனவை எவை எனப் பிரித்தறிதல் இயலாது. இருவேறு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் இணைவட்டு முறையும் இதற்கு மருந்தன்று. ஒன்றில் நிகழ்ந்த அழிவு அக்கணமே மற்றதிலும் நிகழும். இணைவட்டு வட்டின் பழுதினின்று காக்குமேயன்றி மனிதப் பிழையினின்று காக்காது.

ஆதலின் பாட்டன்-தந்தை-மகன் எனப்படும் தலைமுறை முறை பின்பற்றப்படுகிறது. நாட்படிகள் ஏழு, வாரப்படிகள் நான்கு, மாதப்படிகள் பன்னிரண்டு என இருபத்து மூன்று படிகளை வைத்துக்கொண்டால், ஓராண்டிற்குள் தெரியவரும் பிழையைத் திருத்த வழி உண்டு. தரவுத்தள வெளியீடு ஒன்று 1.5 கிகாபைட்டு எனில், இருபத்து மூன்றிற்கும் 35 கிகாபைட்டுக்குள் அடங்கும். மாறாத ஒலிப்பதிவுகளைத் தலைமுறைதோறும் பெருக்க வேண்டியதில்லை.

6. இடம்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சுநூலுக்குப் பிறவூர்களில் படிகள் இருக்கக்கூடும். சுவடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஈழத்து எழுத்துப் பதிவுகளை எண்ணிமமாக்கிப் பொதுவில் வைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியதற்குப் பின்னால் இவ்விழப்பின் நினைவும் உண்டு.

எண்ணிமத் தரவிற்கும் இது பொருந்தும். 2021 மார்ச்சு 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் தீயில் அழிந்தது. காப்புப்படியையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருசேர இழந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ ஏற்பட்டது. அதில் அரசு ஊழியர் பயன்படுத்திய சேமிப்பகத்தின் 858 டெராபைட்டு தரவு வெளியே படி இன்மையால் அழிந்தது. பொருள்வளம் மிக்கோரும் இடத்தைக் கருதாமையால் தவறினர் என்பது குறிப்பிடத்தக்கது.

பீட்டர் க்ரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் வகுத்த 3-2-1 விதி இங்கு வழிகாட்டும். படிகள் மூன்று, வைப்புக் கருவியின் வகை இரண்டு, வேற்றிடத்தில் ஒன்று என்பது அதன் சுருக்கம். அல்சூர் வழங்கிக்கு மற்றொரு படியை அருகிலுள்ள இந்திரா நகரில் வைப்பது தீக்கு மாற்றாகும். ஆனால் நகரளாவிய இடருக்கு மாற்றாகாது. 2022 செப்டம்பர் மழையில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நினைவிற்கொள்க. மைசூரிலோ மதுரையிலோ ஒரு படி இருத்தல் தக்கது.

நெறியற்றோர் வழங்கியுள் நுழைந்து தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதல்களில் காப்புப்படிகளும் இலக்காகின்றன. எனவே வழங்கி தானே சென்று வேற்றிடத்தில் எழுதுவதைவிட, வேற்றிடக் கணிப்பொறி வந்து எடுத்துச் செல்லும் முறை பாதுகாப்பானது. வழங்கியைக் கைப்பற்றியவர்க்கு அப்பால் செல்லும் வழி அப்போது இராது. பேச்சாளரின் பெயரும் முகவரியும் அடங்கிய தரவை மறைகுறியாக்கி வைக்க வேண்டும். அதற்கான திறவுச்சொல் படியோடு இருத்தல் கூடாது. பொறுப்பாளர் இருவரிடமேனும் அது தனித்தனியே இருக்க வேண்டும்.

7. எழுத்துக் குறியாக்கச் சிக்கல்கள்

பொதுவான கணினி நூல்கள் பேசாததும் நம் துறைக்கு இன்றியமையாததும் இப்பகுதியாகும்.

7.1 யூனிகோடின் தமிழ்த் தொகுதியிலுள்ள குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ஆனால் 2014இல் யூனிகோடில் சேர்ந்த கிரந்தத் தொகுதியும், 2019இல் சேர்ந்த தமிழ்ப் பின்ன எண் குறிகளும் நான்கு பைட்டுகளைக் கொள்வன. மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிய குறியாக்கமோ மூன்று பைட்டுகளையே ஏற்கும். தரவுத்தளம் நான்கு பைட்டுக் குறியாக்கத்தில் சரியாக அமைந்திருந்தும், படியெடுக்கும் கட்டளை பழைய குறியாக்கத்தில் இயங்கினால், கல்வெட்டுப் பாடத்திலுள்ள கிரந்த எழுத்துகள் யாவும் படியில் வினாக்குறிகளாகிவிடும். இணையப் பக்கத்தில் பாடம் பிழையின்றித் தோன்றும். கெட்டது படி மட்டுமே. எனவே மீட்கும் நாள்வரை எவரும் இதனை அறியார். ஒற்றை பைட்டு இலத்தீன் குறியாக்கத்திற்கு மாற்றி எடுத்தால் தமிழ் எழுத்துகள் அனைத்துமே இவ்வாறாகும். வினாக்குறியினின்று மூல எழுத்தைப் பெற வழியில்லை.

7.2 ஒகர உயிர்மெய்க்குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறி, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடும் அவற்றை நிகரானவையாகவே கொள்கிறது. ஆயினும் பைட்டளவில் அவை வேறு. ஆப்பிள் கணிப்பொறிகளில் முன்பு வழங்கிய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். கொடி எனப் பெயரிட்ட ஒலிக்கோப்பு அதன் வழியே சென்று திரும்பினால், தரவுத்தளம் தேடும் கொடியும் வட்டிலுள்ள கொடியும் பொருந்தாமல் இணைப்பு அறுபடும். கோப்புகளுக்கு எண்ணாலான பெயரிட்டு, தமிழ்த் தலைப்பைத் தரவுத்தளத்திற்குள் வைப்பது பாதுகாப்பான வழி.

7.3 1990களில் தொகுக்கப்பட்ட தரவுகள் பலவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ளன. டிஸ்கி முறையும், 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற டாப், டாம் முறைகளும் இவற்றுள் அடங்கும். அத்தகு கோப்புகளோடு அவற்றிற்குரிய எழுத்துரு, குறியீட்டு அட்டவணை, மாற்றுநிரல் ஆகியவற்றையும் முழு அமைப்புக் காப்பில் சேர்க்க வேண்டும். எழுத்துரு இல்லாத படி, எழுத்தறிவார் இல்லாத சுவடி போன்றதே.

8. மீட்புப் பயிற்சி

பழைய ஏடுகளைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியோர், எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒப்பிடாதபோது பிழைகள் நிலைபெற்றுப் பாடவேறுபாடுகளாயின. எண்ணிமப் படிக்கும் ஒப்புநோக்கல் வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை பின்வருமாறு செய்யலாம்.

முதலாவதாக, முதன்மை வழங்கியைத் தொடாமல், தனியான கணிப்பொறியில் முழு அமைப்புக் காப்பை எழுப்ப வேண்டும். அடுத்து, முந்தைய இரவின் தரவுக் காப்பை அதன் மீது ஏற்ற வேண்டும். மூன்றாவதாக, பதிவுகளின் எண்ணிக்கையை இரவு அறிவிப்போடு ஒப்பிட வேண்டும். நான்காவதாக, தரவுத்தளத்தில் முன்னரே இட்டுவைத்த சான்றுத் தொடர் ஒன்றைத் தேடிப் படிக்க வேண்டும். ஆய்தம், ஔகாரம், ஒகரக் குறியின் இரு வடிவங்கள், கிரந்த எழுத்து, பின்ன எண் ஆகியன அத்தொடரில் அமைந்திருக்க வேண்டும். ஐந்தாவதாக, ஒலிப்பதிவுகள் சிலவற்றை இறுதிவரை கேட்க வேண்டும். தொடங்கியது முதல் முடியும்வரை ஆன நேரத்தைக் குறித்து, மீட்பு எல்லைக்குள் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இப்பயிற்சியை வழங்கியை அமைத்தவர் செய்யாமல், வேறொருவர் தாளை மட்டும் பார்த்துச் செய்வது சிறப்பு. அவர் தடுமாறும் இடமே தாளில் திருத்த வேண்டிய இடமாகும்.

9. முடிவுரை

அல்சூருக்கு அருகிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைப் படியெடுத்து பி. எல். ரைஸ் 1905இல் எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். அத்தொகுதியில் இடம்பெற்ற கற்களுட் பல, நகரம் பெருகியபோது காணாமற்போயின. அவற்றின் வாசகம் இன்று நமக்குக் கிடைப்பது அச்சுப்படியினின்று மட்டுமே. எஞ்சிய கற்களை மிதிக் சொசைட்டி முப்பரிமாண முறையில் படியெடுத்து வருகிறது. கல்லே அழியும்போது வட்டு அழிவதில் வியப்பில்லை.

மேற்கண்டவற்றைத் தொகுத்துக் கூறின்: முழு அமைப்புக் காப்பு மாதந்தோறும் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் எடுக்கப்பட வேண்டும், தரவுக் காப்பு இரவுதோறும் எடுக்கப்பட வேண்டும், படிகள் தலைமுறை முறையில் பேணப்பட வேண்டும், ஒன்றேனும் வேற்றூரில் இருக்க வேண்டும், எழுத்துக் குறியாக்கம் சான்றுத் தொடரால் சோதிக்கப்பட வேண்டும், மீட்புப் பயிற்சி காலந்தோறும் நிகழ வேண்டும். இவற்றுள் இறுதியானதைச் செய்யாதபோது ஏனைய ஐந்தும் நம்பிக்கையளவிலேயே நிற்கும். களப்பணியில் நமக்காகப் பேசிய முதியோர் பலர் இன்று இல்லை. அவர்தம் சொற்களைக் காக்கும் பொறுப்பு, பதிவுசெய்த நம்மையே சாரும்.